சாக்குப் போக்கு

போன பங்குனியில் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் எங்கள் உடன்குடிக் கருப்பட்டிக் கடைக்கு வந்தார். மகன் செய்த ஏற்பாடு. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மடிக்கணினியைக் கல்லாப்பெட்டி மேல் வைத்து ஒரு வட்டம் காட்டினார். வட்டத்தைச் சுற்றிப் பச்சை அம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. "அங்கிள், உங்க பேக்கிங் கஸ்டமர் வீட்டோட முடிஞ்சிரக் கூடாது. திரும்பி உங்ககிட்டயே வரணும். இப்ப உலகம் பூரா இதைத்தான் பேசுறாங்க" என்றார்.

அவருக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி சொல்லிவிட்டு, மச்சில் ஏறி 1987ஆம் வருஷத்துப் பேரேட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தேன்.

அதில் சரக்குக்கு ஒரு பத்தி, பணத்துக்கு ஒரு பத்தி, சாக்குக்கு ஒரு பத்தி. விருதுநகர்க் கடைக்கு இத்தனை சாக்கு போனது, இத்தனை திரும்பி வந்தது, பாக்கி இத்தனை என்று அப்பாவின் எறும்புக் கையெழுத்து. கருப்பட்டிக்குப் பணம் வர ரெண்டு மாசம் ஆனாலும் அப்பா பொறுத்துக்கொள்வார். சாக்கு வர ரெண்டு வாரம் தாமதமானால் கார்டு எழுதிப் போட்டுவிடுவார். லாரி ஷெட்டிலிருந்து காலிச் சாக்குக் கட்டு வந்து இறங்கியதும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "ஏல, எண்ணுனியா?"

எண்ணுவது என் வேலை. அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்து, கிழிசலைத் தனியே போட்டு, கோணி ஊசியில் சணலைக் கோத்துத் தைக்க வேண்டும். எங்களிடம் வரும்போதே அது அரிசிச் சாக்காகவோ சர்க்கரைச் சாக்காகவோ ஒரு பிறவி எடுத்திருக்கும். பிறகு நாலைந்து வருஷம் கருப்பட்டி சுமக்கும். ஓய்வு பெற்றதும் கடை வாசலில் கால்மிதி. அதற்கும் ஆகாமல் போனால் மார்கழியில் மாட்டுக்குப் போர்வை. மாடு அதைத் தின்றுவிட்டால்தான் கணக்கு முடியும்.

அதே 1987ல், உணவு தானியங்களையும் சர்க்கரையையும் சணல் சாக்கில் கட்ட வேண்டும் என்று டெல்லியில் ஒரு சட்டம் வந்ததாகப் பிற்பாடு படித்தேன். சணல் ஆலைகளையும் சணல் விவசாயிகளையும் காப்பாற்ற வந்த சட்டம் அது. அப்பாவுக்கு அந்தச் சட்டமும் தெரியாது, சுற்றுச்சூழல் என்ற சொல்லும் தெரியாது. ஒரு சாக்கு என்ன விலை என்று தெரியும். உள்ளதைச் சொன்னால், ஊரில் அவருக்குக் கஞ்சன் என்றுதான் பெயர்.

சில்லறைக்கு ஓலைப் பெட்டி. பக்கத்து ஊர்ப் பெண்கள் முடைந்து, தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். அரைக் கிலோவுக்கு ஒரு கொட்டான், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் பெரிது, கல்யாணச் சீருக்கு மூடி வைத்த பெட்டி. அடியில் காய்ந்த ஓலை பரப்பி, கருப்பட்டியைக் கவிழ்த்து அடுக்கி, மேலே மறுபடி ஓலை போட்டு, நாரால் ஒரு கட்டு. பனை மரத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சியதுதான் கருப்பட்டி. அதே மரத்து ஓலையில் பெட்டி, அதே மரத்து நாரில் கட்டு. பெட்டியில் போன சரக்கில் மரத்துக்கு வெளியிலிருந்து வந்த பொருள் காய்ச்சுகிற பாத்திரமும் கொஞ்சம் சுண்ணாம்பும்தான். கால் கிலோ, அரைக்கால் கிலோ கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் பழைய செய்தித்தாளில் பொட்டலம். அச்சு மை கருப்பட்டியில் ஒட்டி, அரசியல்வாதி முகம் தலைகீழாக விழுந்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் காப்பி போட்டுக் குடித்தோம். 'அந்தக் காலத்தில் எல்லாமே சுத்தம்' என்று யாராவது மேடையில் ஆரம்பித்தால் எனக்கு அந்தத் தலைகீழ் முகம்தான் ஞாபகம் வரும். செய்தித்தாளில் உணவு கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ல் சொன்னது. சரியாகத்தான் சொன்னது.

நான் சென்னைக்குக் கல்லூரி போனேன். எழும்பூரில் இறங்கியபோது கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. விடுதி வாசலில் அதைப் பார்த்த ஒரு சீனியர், "எந்த ஊருப்பா, பட்டிக்காடா?" என்றான். அன்றைக்கு ராத்திரியே பையை மடித்துப் பெட்டிக்கு அடியில் தள்ளினேன். மூன்று வருஷம் அது வெளிச்சம் பார்க்கவில்லை. சினிமாவிலும் ஊருக்குப் புதிதாய் வந்து ஏமாறுகிறவன் கையில் மஞ்சப்பைதான் இருக்கும். வியாபாரிக்குத் திவாலைச் சொல்லும் மஞ்சள் கடுதாசி என்றாலே பயம் என்பதால் நிறத்தின் மேலேயே எனக்கு ஒரு கசப்பு.

படிப்பு முடித்துக் கடைக்கு வந்ததும் செய்த முதல் காரியம், பாலித்தீன் கவரும் அதன் வாயை ஒட்டுகிற மெஷினும் வாங்கியது. ஒரு கிலோ பாக்கெட், பளபளவென்று, மேலே பனைமரப் படம் அச்சடித்தது. அப்பா ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது திரும்பி வருமா?" என்று கேட்டார். "வராதுப்பா. தூக்கிப் போட்டுருவாங்க. அதான் வசதி" என்றேன். அந்த வருஷத்தோடு பேரேட்டில் சாக்குப் பத்தி நின்றுபோனது.

ஐப்பசி அடைமழையில் பதில் வந்தது. சரியாக உலராத சரக்கை அவசரத்தில் கவரில் போட்டு ஒட்டியிருந்தேன். ஓலைக்குள் இருந்தால் காற்று போய்வந்து எப்படியோ சமாளித்திருக்கும். கவருக்குள் ஈரம் போக வழியில்லை. மதுரைக் கடைக்காரர் அப்பாவுக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, நா கருப்பட்டில்ல கேட்டேன். நீங்க பாகுல்ல அனுப்பியிருக்கீக!" அப்பா என்னைத் திட்டவில்லை. திரும்பி வந்த பாக்கெட்டுகளைக் கிழித்து, மறுபடி காய்ச்சச் சொன்னார். கிழித்த கவர்களைக் கழுவிக் கொடியில் காயப்போட்டார். அவை எதற்கும் உதவவில்லை. காற்றில் பறந்து பக்கத்து விளையில் முள்வேலியில் போய் மாட்டின. அதில் ஒன்றிரண்டு வெகுகாலம் அங்கேயே தொங்கின, பனைமரப் படத்தோடு.

நான் திருந்தவில்லை. நன்றாக உலர்த்தி ஒட்டக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகு ஆன்லைன் வந்தது. மகன் வந்தான். பெங்களூருக்கும் புனேவுக்கும் கருப்பட்டி பறந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே விமானத்தில் பறந்தது. 48 மணி நேரத்தில் வீட்டு வாசலில் என்று விளம்பரம். புதுக் கருப்பட்டியைவிட ஒரு வருஷம் பரணில் கிடந்த பழைய கருப்பட்டிக்குத்தான் மருந்துக் குணம் என்று ஊரில் விலை கூடுதல். வருஷக்கணக்கில் சும்மா கிடப்பதையே பெருமையாகக் கொண்ட ஒரு பண்டத்தை ரெண்டு நாளில் கொண்டுபோய்ச் சேர்க்க மண்ணெண்ணெய் மாதிரி ஒன்றை ஆகாயத்தில் எரித்தோம். வாங்கியவர் அதை அடுப்படி அலமாரியில் ஆறு மாசம் வைத்திருப்பார்.

பேக்கிங் இன்னும் வேடிக்கை. கருப்பட்டிக்குக் கவர், கவருக்கு பபுள் ராப், அதற்கு வெளியே அட்டைப்பெட்டி, பெட்டியின் மூலைகளில் தெர்மாகோல், கடைசியாகப் பெட்டியைச் சுற்றி அரை ரோல் பழுப்பு டேப். உள்ளே இருப்பதோ கல் மாதிரிப் பண்டம். சுத்தியல் இல்லாமல் உடையாது. அது உடையாமல் இருக்க இத்தனை மெத்தை!

என் மனசாட்சி இதைப் பார்த்துத் துடித்தது என்று எழுத ஆசைதான். துடித்தது கூரியர் பில்லைப் பார்த்துத்தான். பொருளின் எடை ரெண்டு கிலோ. பில்லில் 5.4 கிலோ. தராசு கெட்டுவிட்டது என்று சண்டைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்களாம். அதில் வருவதும் நிஜ எடையும், எது கூடுதலோ அதற்குக் காசு. எங்கள் பெட்டி 30க்கு 30க்கு 30. பெருக்கினால் 27,000; வகுத்தால் 5.4. ஆக, மூன்று கிலோ நானூறு கிராம் காற்றை நான் பணம் கட்டி உடன்குடியிலிருந்து புனேவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே பெட்டி சுருங்கியது. தெர்மாகோல் போனது. 'அவசரமில்லை, மெதுவாக வரட்டும்' என்று ஒரு பொத்தானை மகன் இணையதளத்தில் வைத்தான். அதை அழுத்துகிறவர்களுக்குத் தரைவழி, லாரியில், ஆறு நாள். பக்கத்தில் ஒரு பச்சை இலைப் படம். அப்பா காலத்தில் இலைப் படம் இல்லாமலே எல்லாச் சரக்கும் அப்படித்தான் போனது. லாரி நிறைகிற வரை ஷெட்டில் கிடக்கும். பாதி லாரி கிளம்புகிற வழக்கமே கிடையாது.

இதற்கிடையில் சட்டங்கள். 2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. கவர் வியாபாரி ஒருவர் டிசம்பர் கடைசியில் என் கடைக்கு வந்து, இருக்கிற ஸ்டாக்கைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். வாங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பாலுக்கும் எண்ணெய்க்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்றதும், கருப்பட்டியும் ஒரு மருந்துதானே என்று நாங்கள் சங்கத்தில் வாதாடிப் பார்த்தோம். சாக்குப்போக்குக்கு மட்டும் எங்களிடம் பஞ்சமே இருந்ததில்லை. 2021 டிசம்பரில் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. பிறகு கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற இயந்திரம் வைத்திருந்தார்கள். நானும் போட்டேன். பை வந்தது. பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். அந்த சீனியர் எங்கிருக்கிறானோ.

இப்போது மறுபடி ஓலைப் பெட்டிதான். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வெளியூர்க்காரர்கள் ஓலைப் பெட்டியில்தான் வேண்டும் என்கிறார்கள். அதற்குத் தனி விலை வைத்தாலும் வாங்குகிறார்கள். திறப்பதைக் கைபேசியில் படம் பிடித்துப் போடுகிறார்கள். அப்பா சும்மா கொடுத்த பெட்டி. முடைகிறவர்கள்தான் இல்லை. தலைச்சுமையாகக் கொண்டுவந்த பெண்களின் மகள்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மணப்பாடு பக்கம் சொல்லி வைத்து, முன்பணம் கொடுத்து, மாசக்கணக்கில் காத்திருந்து வாங்குகிறேன். அவர்கள் கேட்கும் கூலி நியாயமானது. முன்பு நாங்கள் கொடுத்ததுதான் அநியாயம்.

வாங்கி வந்தால் அடுத்த சிக்கல். உணவு உரிம எண், தயாரித்த தேதி, விலை, எடை எல்லாம் போட்ட லேபிள் சட்டப்படி இருக்க வேண்டும். ஓலையில் எந்த ஸ்டிக்கரும் ஒட்டாது. பசை தடவினாலும் வெயிலில் ஓலை சுருண்டு, உரிம எண் உரிந்து விழும். சணலில் அட்டை கோத்துத் தொங்கவிட்டிருக்கிறோம். இன்னொன்று எறும்பு. அதற்குப் புவிசார் குறியீடு தேவையில்லை, வாசனை போதும். லாரியில் ஆறு நாள் போவதற்குள் பெட்டிக்குள் குடும்பமே குடியேறிவிடும். அதனால் ஓலைப் பெட்டிக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு பிளாஸ்டிக் கவர் போடுகிறோம். மக்கும் கவர் என்று விற்றவர் சொன்னார். ஒன்றைத் தோட்டத்தில் முருங்கை மூட்டில் புதைத்துப் பார்த்தேன். ஒரு வருஷம் கழித்துத் தோண்டினால் அச்சு அப்படியே வாசிக்கிற மாதிரி இருந்தது. அதற்கென்று உள்ள ஆலையில், சரியான சூட்டில் போட்டால்தான் மக்குமாம். உடன்குடியில் ஏது அந்த ஆலை?

தாத்தாவை நினைத்தால் நான் இன்னும் சின்னவனாகிவிடுகிறேன். அவர் தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றியவர். பாய்மரத் தோணி. தென்மேற்குப் பருவத்தில் ஓடாது, மற்ற மாசங்களில் காற்றுதான் கூலியில்லாத மாலுமி. பிறகு தோணிகளுக்கு இன்ஜின் வந்தது. பாயைச் சுருட்டி வைத்தார்கள். 2023ல் பிக்சிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பல் 37.5 மீட்டர் உயரத்தில் ரெண்டு சிறகுகளை நட்டுக்கொண்டு, காற்றின் உதவியோடு சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் போனது என்று படித்தேன். எரிபொருள் மிச்சமாகுமாம். தூத்துக்குடியில் அதைப் படித்த பழைய தோணித் தண்டல் ஒருவர் என்னிடம், "பாய்னு சொல்ல வெக்கப்பட்டு சிறகுன்னு சொல்லுதான்" என்றார்.

ஆலோசகர் பேரேட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் அனுப்பிய அறிக்கையில் ஒன்பதாம் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது, கீழே அவர் நிறுவனத்தின் பெயரோடு. பில்லும் கூடவே வந்தது, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து.

அந்தப் பக்கத்தில் விருதுநகர்க் கடையின் கணக்கு 14 சாக்கு பாக்கியோடு நிற்கிறது. அந்தக் கடை இப்போது பேரன் கையில். மகன் விளையாட்டாகப் பேசி, பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். அந்தப் பையன் சிரிக்கவில்லை. "பெரியப்பாகிட்ட சொல்லுங்க, தாத்தா வச்ச கடன நா வச்சிருக்க மாட்டேன்" என்றானாம்.

மறுநாள் காலையில் எக்ஸ்பிரஸ் கூரியரில் பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. டேப்பை அறுத்தேன். பபுள் ராப்பைப் பிரித்தேன். உள்ளே அவர்கள் கடைப் பெயர் அச்சடித்த புத்தம் புது பிளாஸ்டிக் சாக்குகள், மடிப்புக் கலையாமல்.

எண்ணினேன். 13 இருந்தது.