வௌவால் புகுந்த விலாசப் புத்தகம்

எங்கள் குலதெய்வக் கோவில் கமிட்டியில் எனக்கு ஒரு பதவி உண்டு. 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்'. பொருளாளர் வீட்டுப் பிரிண்டரில் பேப்பர் சிக்கியபோது மூடியைத் திறந்து உருவிக் கொடுத்தேன். பதவி அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. மற்றபடி நான் வெள்ளகோவிலில் ஓர் எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறவன். கொப்பரை, பிண்ணாக்கு, லாரி வாடகை. இவற்றைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னால் கமிட்டியில் அதைத் தன்னடக்கம் என்கிறார்கள்.

கும்பாபிஷேகம் வந்தது. பத்திரிகை அனுப்ப விலாசம் வேண்டும். 2011-இல் போட்ட விலாசப் புத்தகத்தைப் புதுப்பித்துவிடலாம் என்றார் தலைவர் பெரியப்பா.

"பழைய சிடி இருக்குது கண்ணு. செத்தவங்களை எடுத்துட்டு, பொறந்தவங்களைச் சேத்துனா முடிஞ்சுது. அரை மணி நேர வேலை."

சிடி பொருளாளர் வீட்டு பீரோவில் பட்டுச் சேலை மடிப்புக்குள் இருந்தது. அந்துருண்டை வாசத்தோடு வந்தது. போட்டுத் திறந்தேன். ஒரே ஆங்கிலம். பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, நம்ம கூட்டத்துல இத்தனை வெள்ளைக்காரங்களா?"

முதல் வரியில் சின்ன என், டி, எஸ், ஓர் அரைப்புள்ளி, மறுபடி எஸ், அப்புறம் பெரிய என், இப்படியே ஓடி இன்னொரு அரைப்புள்ளியில் முடிந்தது. அது எங்கள் ஊர்ப் பெயர்தான். பாமினி எழுத்துருவில் அடித்த 'வெள்ளகோவில்'. என் கம்ப்யூட்டரில் பாமினி இல்லாததால் வேஷம் கலைந்து நின்றது.

கோளாறு இங்கேதான். பாமினி வகை எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் வேஷம். கே என்று தட்டினால் ம-வின் படம் தெரியும். உள்ளே கே-தான் உட்கார்ந்திருக்கும். 'அம்மா' என்று நெக்குருகி அடித்ததெல்லாம் கம்ப்யூட்டரின் கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். சரி, எல்லாரும் ஒரே வேஷமாவது கட்டினார்களா? பாமினிக்கு ஒன்று, வானவில்லுக்கு ஒன்று, டிஸ்கிக்கு ஒன்று. 1999-இல் சென்னையில் தமிழ்இணைய மாநாடு கூடி, ஆளாளுக்கு ஒன்று வேண்டாமென்று டாம், டாப் என இரண்டைச் சேர்த்துக் கொடுத்தது. சம்பந்தி வீட்டு அஞ்சறைப்பெட்டி மாதிரி. கடுகென்று கை வைத்தால் வெந்தயம் வரும்.

இதற்கெல்லாம் ஒரு முடிவாகத்தான் யூனிகோடு. தமிழுக்கென்று 128 இடம் கொண்ட ஒரு கட்டம். அதில் அ என்றால் உலகம் முழுக்க அ. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே, யூனிகோடும் டேஸ்16 என்ற இன்னொரு குறியீட்டு முறையும்தான் இனி அரசுக்கென்று ஆணை வந்தது. கோவைக்கும் எங்களுக்கும் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. எங்கள் புத்தகம் அதற்கடுத்த வருஷம் பாமினியில் அச்சானது. ஆணை காங்கேயத்தில் டீ குடிக்க இறங்கி பஸ்ஸைத் தவறவிட்டிருக்கும்.

பாமினியை யூனிகோடாக மாற்றும் பொறிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றில் மொத்தத்தையும் ஒட்டி பட்டனை அழுத்தினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் நானூற்றுச் சொச்சம் குடும்பமும் தமிழுக்குத் திரும்பிவிட்டன. பெரியப்பா சொன்ன அரை மணியில் இருபத்தெட்டு நிமிஷம் மிச்சம். ஒரு டீ குடித்தேன். அந்த டீயோடு நிறுத்தியிருக்கலாம். உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

எங்கள் சனம் படித்த சனம். பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லாவிட்டால் பந்தியில் பாதி இலை போட்ட மாதிரி. அந்தப் பட்டங்களைப் பழைய ஆபரேட்டர் ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தார். மாற்றும் பொறிக்கு எழுத்துரு எது என்று தெரியாது. எழுத்து மட்டுமே தெரியும். கண்ணில் பட்டதையெல்லாம் தமிழாக்கிவிட்டது. பி.இ. படித்தவர்கள் எல்லாரும் 'டீ.நு.' எம்.ஏ. 'ஆ.யு.' எங்கள் கூட்டத்தின் ஒரே எம்.பி.ஏ. 'ஆ.டீ.யு.' மின்னஞ்சல் முகவரிகளின் வாலில் இருந்த ஜிமெயில் டாட் காம் 'பஅயடை.உழஅ' ஆகியிருந்தது. சத்தமாகப் படித்துப் பாருங்கள். கன்னிமார் கோவிலில் அருள் வந்தவர் வாக்குச் சொல்வது போலவே இருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊர்வாரியாகப் பிரிக்க 'வெள்ளகோவில்' என்று தேடினேன். ஒருவரும் இல்லை. முத்தூரில் ஆள் இருக்கிறது, மூலனூரில் இருக்கிறது, ஓலப்பாளையத்தில் இருக்கிறது, வெள்ளகோவில் காலி. க் போட்டுத் தேடினேன், கோயில் என்று தேடினேன். இல்லை. நான் உட்கார்ந்திருந்த ஊரே இல்லை!

திரையை மூக்கருகில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. முதலெழுத்தை அடுத்துப் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம், அதன் தலையில் ஒரு மெய்ப்புள்ளி. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பார்கள்: முதலில் கொம்பு, பிறகு வ, பிறகு ள. இதே மூன்றும் சேர்ந்தால்தான் வௌவாலின் வௌ-வும். பாமினியில் ள-வுக்கும் ஔகாரத்தின் வாலுக்கும் ஒரே எழுத்து. பொறி என்ன செய்யும்? கொம்பு, வ, ள என்று பார்த்ததும் வௌவால் என்று முடிவு கட்டிவிட்டது. ள் போய்விட்டதால் அதன் புள்ளி உட்கார இடமில்லாமல், கல்யாண வீட்டில் நாற்காலி கிடைக்காத மாமா மாதிரி, வட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி, வெளியூர், எல்லாவற்றிலும் வௌவால்.

ஔ வேண்டாம், அவ் போதும் என்று பெரியார் எத்தனையோ முன்பே சொன்னார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டவர்கள் லை-யின் தும்பிக்கையை வெட்டினார்கள், ணா, றா, னா-வை நேராக்கினார்கள், ஔ-வைத் தொடவில்லை. அப்போது அதையும் முடித்திருந்தால் எனக்கு ஒரு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தேன். வௌ-வை அழி, வெ போடு, ள போடு. இருநூற்றுப் பன்னிரண்டாவது வெள்ளகோவிலில், தண்ணீர் குடிக்க எழுந்த மகள் பின்னால் வந்து நின்றாள். பத்தாவது படிக்கிறாள்.

"ஏனுங்ப்பா, கண்ட்ரோல் எச் போட்டா ஒரே அமுக்குல மாறிடுமே?"

வ-வை விட்டு ஔகாரக் குறியை மட்டும் கொடுத்து அமுக்கினாள். மாறியது. கூடவே சௌந்தரம், கௌரி இவர்களின் ஔகாரமும் உடைந்து வெறும் ள ஆனது. அச்சில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்று விட்டுவிட்டேன். கௌரி அத்தைக்கு இன்றுவரை தெரியாது. பட்டங்களையும் மின்னஞ்சல்களையும் மட்டும் கையாலேயே ஆங்கிலமாக்கினேன். அது முடியக் கோழி கூவிவிட்டது.

பென்டிரைவோடு பிரஸ்ஸுக்குப் போனேன். எங்கள் பக்கத்து அச்சகம் ஒன்று; ஆபரேட்டர் தம்பி கெட்டிக்காரன்.

"யூனிகோடுங்களா? அது பேஜ்மேக்கர்ல வராதுங்ணா. பாமினில இருந்தாக் குடுங்க."

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001-இல். அதற்கு யூனிகோடு புரியாது. ஆனால் அதில் கை பழகியவர்கள் அதை விடுவார்களா? நான் பேச்சிழந்து நின்றேன். அவன் என் கோப்பை வாங்கி, அதே மாதிரி ஒரு பொறியில் ஒட்டி, மறுபக்கப் பட்டனை அழுத்தினான். யூனிகோடு பாமினி ஆயிற்று. வெள்ளகோவில் ஜம்மென்று வந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். நான் திருத்தாத பிரதியையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். வௌவாலோடு இருந்ததும் அதே ஜம்மென்ற வெள்ளகோவிலாகவே வந்தது. போகும்போது ஏறிய வௌவால் திரும்பும்போது தானாக இறங்கிக்கொண்டது. இந்த விவரத்தை நான் மகளிடம் சொல்லவில்லை.

வெள்ளகோவிலையே மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்ததில் பட்டங்களைப் பார்க்கவில்லை. நான் கோழி கூவும்வரை ஆங்கிலமாக்கிய எழுத்துகள் பாமினிக்குள் போனதும் மறுபடி வேஷம் கட்டிக்கொண்டுவிட்டன. வீட்டுக்குப் போய் புரூப்பைப் புரட்டியபோதுதான் கண்டேன். போன் போட்டேன்.

"டீ.நு.-வை மாத்தணும் தம்பி!"

"பைல் எல்லாம் கர்வ் பண்ணி அனுப்பி, பிளேட்டும் போட்டாச்சுங்ணா. இனி அது எழுத்தில்லீங்க, கோடுதான்."

புத்தகம் நன்றாகவே வந்திருக்கிறது. அட்டையில் கோபுரம். உள்ளே நூற்றுக்குமேல் டீ.நு.க்கள். போன வாரம் தாராபுரம் பக்கமிருந்து ஒரு பெண் வீட்டார் புத்தகத்தோடு எங்கள் பங்காளி வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன். பெண்ணின் அப்பா பக்கத்தை விரித்து, விரலை வைத்துக் கேட்டார்.

"பையன் டீ.நு.-ன்னு போட்டிருக்குதுங்களே, அது என்ன படிப்புங்க?"

நான் காபி டம்ளருக்குள் பார்த்தேன். பையனின் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"இன்ஜினியரிங்குக்கு மேலைங்க."