ஏலத் தம்பி

"எம் பையன் காலையில நாலரைக்கே எந்திரிச்சிருவான்" என்று மாடி வீட்டு அக்கா சொன்னால் கோரிப்பாளையத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. தர்காவில் பாங்கு சொல்வதற்கு முன்பே அந்த ஜன்னலில் வெளிச்சம் தெரியும். போன மார்கழியில், பையன் திருப்பாவை படிக்கிறான் போலிருக்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பால் வாங்கப் போகும்போது மாடியிலிருந்து குரல் கேட்டது: "அடப்பாவி, ஒரு செம்பு குறைச்சுப் போட்டுட்டானே!" ஆண்டாள் அப்படி ஒரு வரி பாடியதாக எனக்கு நினைவில்லை.

அன்றைக்குத்தான் தம்பியின் தொழில் எனக்குத் தெரிந்தது. பகலில் சிம்மக்கல்லில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அது வயிற்றுக்கு. விடியலில் செய்வது ஏலம். அது ஆன்மாவுக்கு.

2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் விளையாட்டு. உலகமெங்கும் ஆட்கள் ஒரே நேரத்தில் நுழைந்து டிராகனை வெட்டுவார்கள், பேயை எரிப்பார்கள், கோட்டையைப் பிடிப்பார்கள். அந்த மாய உலகத்தின் பெரிய ஊர்களில் ஏலக்கடை உண்டு. வெட்டியதில் கிடைத்த வாளையும் பறித்த மூலிகையையும் அங்கே கொண்டுபோய் 12, 24 அல்லது 48 மணி நேரத்துக்கு ஏலத்தில் போடலாம். போடும்போதே முன்பணம் கட்ட வேண்டும். விற்றால் நூற்றுக்கு ஐந்து கமிஷன். விற்காவிட்டால் முன்பணம் போச்சு, சரக்கு தபாலில் திரும்பி வரும்.

நாட்டில் பாதிப்பேர் டிராகனை வெட்டுவதற்கென்றே காசு கட்டி இதில் சேர்கிறார்கள். நம் தம்பி சேர்ந்தது ஏலக்கடை வாசலில் நிற்பதற்கு. அவருடைய ஆள் முதல் லெவலிலேயே இருக்கிறான். கையில் ஆயுதமில்லை, உடம்பில் கவசமில்லை, ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. எல்லை தாண்டினால் காட்டுப்பன்றி முட்டியே செத்துவிடுவான். 'பேங்க் ஆல்ட்' என்று இந்த ஜாதிக்குப் பெயராம். கடைக்கும் வங்கிக்கும் தபால் பெட்டிக்கும் இடையில் நடப்பது மட்டுமே அவன் வாழ்க்கை. பார்த்தால் கணக்குப்பிள்ளை மாதிரியே இருப்பான்.

"டிராகனைப் பாத்திருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. ஆனா செதில் இன்னைக்கு என்ன விலைன்னு சொல்றேன்."

அந்த உலகத்தில் நூறு செம்பு ஒரு வெள்ளி, நூறு வெள்ளி ஒரு தங்கம். இவர் ஒரு மூலிகைக்கு விலை போட்டுவிட்டுப் பல் விளக்கப் போவார். திரும்பி வருவதற்குள் கனடாவிலோ டெக்சாஸிலோ ஒரு புண்ணியவான் அதே சரக்கை ஒரே ஒரு செம்பு குறைத்துப் போட்டிருப்பான். உடனே இவர் தன் சரக்கை எடுத்து, அவனைவிட ஒரு செம்பு குறைத்துப் போடுவார். இப்படி இரண்டு கண்டத்துக்காரர்கள் ஒரு செம்புக்கு விடிய விடியச் சண்டை போடுவார்கள். அதே தம்பி, ஏ.வி. பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் சிம்மக்கல்லுக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார். "பேரம் பேசக் கூச்சமா இருக்குண்ணே" என்பார்.

பொற்றாமரைக் குளம் இருக்கிற ஊரில் பிறந்த இவருடைய ஆஸ்தான சரக்கு கருந்தாமரை. விளையாட்டின் பழைய பதிப்பில் லேசில் கண்ணில் படாத மூலிகை அது. பெரிய சண்டைக்குப் போகிறவர்கள் குடிக்கும் மருந்துக்கு வேண்டும். ஒருநாள் இதன் விலைச் சூட்சுமத்தை அம்மாவுக்கு விளக்கினார். நானும் உடனிருந்தேன்.

"அமெரிக்காவுல செவ்வாய்க்கிழமை எல்லாச் சண்டைக்களமும் புதுசாத் திறக்கும்மா. அன்னைக்கு சாயங்காலம் எல்லாரும் கூட்டமாப் போவாய்ங்க, மருந்து வேணும். அப்ப நமக்குப் புதன்கிழமை விடியல். விலை எகிறும். வெள்ளி, சனியிலயே மலிவா வாங்கிப் போட்டு வச்சிரணும். இதக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

அக்கா பூக்கட்டிக்கொண்டே கேட்டார். "முகூர்த்தத்தன்னைக்கு மல்லி வெலை ஏறும்கிறதக் கண்டுபிடிக்கவாடா ஒரு வருஷம்? மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுல பூக்காரம்மாவக் கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லிருக்குமே. காலையில கிலோ ஆயிரத்துக்கு விக்கும், மத்தியானம் வாடுனா கேக்க நாதியிருக்காது."

"கருந்தாமரை வாடாதும்மா."

"வாடாத பூவுக்கா வெலை ஏறுது? அப்ப அது பித்தலாட்டம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அக்கா அடுத்த முழத்துக்குப் போனார். நானூறு பக்கப் பொருளாதாரப் புத்தகத்தில் இருப்பதை இந்த அம்மா ஒரு முழத்தில் முடித்துவிட்டார்.

தம்பிக்கு இந்த நோய் பள்ளிக்கூட வயதிலேயே தொற்றியது. தல்லாகுளத்து பிரவுசிங் சென்டரில் 'ராக்னராக் ஆன்லைன்' என்ற கொரிய விளையாட்டு. அப்போது அதற்கு இந்தியாவுக்கென்றே தனி சர்வர் நடந்தது. மற்ற பையன்கள் வாள்வீரனும் மந்திரவாதியும் ஆனார்கள். இவர் வியாபாரி ஆனார். அந்த விளையாட்டில் வியாபாரி தள்ளுவண்டியோடு நகரத்து வீதியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் பலகை மாட்டிவிட்டால் போதும். கம்ப்யூட்டரை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விடலாம், கடை தானே நடக்கும். வியாபாரிக்குப் பொருளைக் குறைத்து வாங்கவும் கூட்டி விற்கவும் தனித் திறமைகள் உண்டு. "எங்க தாத்தாவுக்கு அந்த ரெண்டும் லெவல் பத்துண்ணே" என்பார். கடைசியில் ஒருநாள் இந்திய சர்வரை மூடினார்கள். கடை, வண்டி, கல்லா எல்லாம் போயிற்று. பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே திவால் பார்த்த மனிதர்.

ஆண்டுதோறும் மார்ச் 18 அன்று தம்பி முகம் வாடியிருக்கும். விசாரித்தால் திதி. யாருக்கு? ஒரு கடைக்கு. 'டயாப்லோ 3' என்ற விளையாட்டு 2012 மே 15 அன்று வந்தது. அடுத்த மாதம் 12ஆம் தேதி அதற்குள் ஓர் ஏலக்கடை திறந்தார்கள். மாயத் தங்கத்துக்கு இல்லை, நிஜ டாலருக்கே வாளும் கவசமும் விற்கலாம். விலை உச்சவரம்பு 250 டாலர். ஒரு சாமான் விற்றால் கம்பெனிக்கு ஒரு டாலர். என்ன ஆயிற்று? அரக்கனை வெட்டி வாள் தேடவேண்டிய ஆட்கள் வெட்டுவதை விட்டுவிட்டு வாளை வாங்கிக்கொண்டார்கள். வெட்டுவதற்குத்தான் விளையாட்டு, வாங்கியபின் வெட்ட என்ன இருக்கிறது? விளையாட்டின் உயிரையே கடை குடித்துவிட்டது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு 2014 மார்ச் 18 அன்று இழுத்து மூடியது. எனக்கு இது சட்டென்று புரிந்தது. நம் புதுமண்டபத்தில் எத்தனையோ வருஷம் நடந்த கதைதான். சிற்பம் பார்க்கப் போனவன் சீருடை தைத்துக்கொண்டு வருவான். அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகுதான் தூண்கள் கண்ணில் பட்டன.

இந்தத் தம்பியைச் சரியாக எடைபோட்டவர் எங்கள் டீக்கடைப் பெரியவர். சுற்றுவட்டாரச் சந்தைகளில் நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவர். துண்டுக்கடியில் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கும் பரம்பரை. தேவர் சிலைப் பக்கம் பஸ் போடும் சத்தத்துக்கு நடுவில் தம்பி அவருக்கு ஏலக்கடையை விளக்கினார்.

"கையில கை போடுவீகளா?"

"இல்லங்கய்யா. வெலை திரையில எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சா அது என்ன யாவாரம்? நோட்டீசு ஒட்டுன மாதிரியில்ல இருக்கு. சரி, ஏமாத்து?"

"நேருக்கு நேர் மாத்திக்கிறப்ப உண்டுங்கய்யா. வாளக் காட்டி வெலை பேசிட்டு, கடைசி நிமிசத்துல குச்சிய வச்சிருவாய்ங்க. அதுக்குத்தான் 'ரூன்ஸ்கேப்'னு ஒரு வெளையாட்டுல ரெண்டாவது தடவையும் திரையக் காட்டி, சம்மதமான்னு கேப்பாய்ங்க."

"பல்லப் புடிச்சுப் பாக்குறது. அது வேணும்" என்று பெரியவர் தலையாட்டினார். "கமிசன் என்ன?"

"நம்ம ஏலக்கடையில நூத்துக்கு அஞ்சு. பழைய பதிப்புல பூதம் நடத்துற பொதுக்கடைன்னா பதினஞ்சு."

"யாரு எடுத்துக்கிறது?"

"யாருமில்லங்கய்யா. அப்படியே காத்துல கரைஞ்சிரும். ராட்சசன வெட்ட வெட்டப் புதுக் காசு வந்துக்கிட்டே இருக்கும். கொஞ்சத்த அழிக்கலைன்னா ஊர்ல காசு பெருத்துப்போய் வெலவாசி ஏறிரும்."

பெரியவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். நாற்பது வருஷத் தொழிலில் இப்படி ஓர் அநியாயத்தை அவர் கேட்டதில்லை. "நூத்துக்குப் பதினஞ்சு... தரகன் கைக்கு வராமயா?"

"ஆமாங்கய்யா."

"அந்தப் பூதத்த ஒருக்கா நான் பாத்துப் பேசணும்ப்பா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நீ அந்தப் பிராணி எதையாச்சும் வெட்டிருக்கியா?"

"இல்லங்கய்யா."

"சரிதான். நானும் வீட்டுல மாடு கட்டுனதில்ல. பாக்கெட் பால்தான்."

இப்படிப்பட்ட தம்பிக்கு முப்பத்தொன்று முடிகிறது என்று அக்கா ஜாதகத்தை எடுத்தார். கல்யாணத் தரகர் தொழில் என்ற இடத்தில் 'ஏலம்' என்று சுருக்கமாக எழுதி அனுப்பிவிட்டார். போடிநாயக்கனூரிலிருந்து ஒரு குடும்பம் ரொம்ப ஆசையாக மாப்பிள்ளை வீடு பார்க்க ரயிலேறி வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். தமிழில் ஏலம் என்றால் இரண்டு பொருள் என்பதையும், போடிக்காரருக்கு அதில் எது முதல் பொருள் என்பதையும் தரகர் யோசிக்கவில்லை.

"ஏலம் எத்தனை வருசமாப் பண்றீக?"

"பத்து வருசமாங்க. ஆன்லைன்ல."

"இப்ப எல்லாமே அப்படித்தான்" என்று அவர் மகிழ்ந்தார். அவர் சொன்னதும் உண்மை. போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்கித்தான் ஏலத்தை ஏலம் கேட்கிறார்கள். "எட்டு எம்.எம். இப்ப என்ன போகுது?" என்றார்.

தம்பி காதில் எம்.எம்.ஓ. என்று விழுந்தது. இந்த வகை விளையாட்டுக்கு அதுதான் பெயர். தன் தொழிலைத் தெரிந்த மாமனார்! முகம் மலர்ந்துவிட்டது. "எட்டுக்கெல்லாம் மதிப்பே இல்லங்க. அறுபதுன்னாதான் கிராக்கி."

"அறுபதா? எலுமிச்சம்பழத்த விடப் பெருசால்ல இருக்கும்! எந்த எஸ்டேட்?"

"வருசத்துக்கு மிச்சம் எவ்வளவு நிக்கும்?" என்று பெண்ணின் சித்தப்பா குறுக்கிட்டார்.

"போன வருசம் பதினஞ்சு லட்சம் தங்கம் நின்னுச்சுங்க."

பெண்ணின் அத்தைக்குக் கேசரி புரையேறியது. "வீட்டுலயா வச்சிருக்கீக?"

"இல்லங்க, சர்வர்ல."

"தங்கத்த சர்வர்ட்டயா குடுத்து வச்சிருக்கீக? எந்த ஓட்டல்?"

பிறகு நடந்ததை விரிவாக எழுத மனம் வரவில்லை. "ஆன்லைன் ரம்மியா?" என்று சித்தப்பா எழுந்தார். ரம்மி இல்லை, பந்தயம் இல்லை, அந்தத் தங்கத்தை வெளியே ரூபாய்க்கு விற்கக் கம்பெனி விதி இடம் தராது, சேர்த்தது அத்தனையும் சட்டப்படி கம்பெனிக்குத்தான் சொந்தம் என்று தம்பி நேர்மையாக விளக்கினார். விளக்க விளக்க நிலைமை மோசமாயிற்று. "அப்ப பிரயோசனம்?" என்று போடிக்காரர் கேட்டார். 2015இல் 'டோக்கன்' என்று ஒன்று வந்ததையும், தங்கத்தைக் கொடுத்து அதை வாங்கினால் மாதச் சந்தா பதினைந்து டாலர் மிச்சம் என்பதையும் தம்பி சொன்னார். விளையாடக் கட்டவேண்டிய காசை, விளையாடாமல் விற்றே கட்டிவிடுகிறார். அதைக் கட்டி மறுபடி விற்கிறார். ஏலக்காய்க்காரர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, "ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புறோம்" என்றார்.

இரண்டு நாள் கழித்துத் தம்பியைப் படிக்கட்டில் பார்த்தேன். "நாப்பத்தெட்டு மணி நேரம் ஆயிருச்சுண்ணே. இனிமே பதில் வராது. சரக்கு திரும்பி வந்துருச்சு" என்றார். "முன்பணமும் போச்சு. கேசரி, பஜ்ஜி, ரயிலடிக்கு ஆட்டோ."

உள்ளேயிருந்து அக்காவின் குரல்: "இருவது பவுனுன்னு தரகர் எழுதினத அடிச்சிட்டு, பத்துன்னு போடச் சொல்லவாடா?"

"மாப்பிள்ளைச் சந்தையில சப்ளை கூடிப்போச்சும்மா. ஒண்ணுமே வேணாம்னு போடச் சொல்லு. புதன்கிழமை விடியக்காலை போட்டா எடுபடும்."

வாழ்க்கையில் அவர் பேசிய பேரங்களிலேயே உருப்படியானது அதுதான். ஆகவே வாசகர்களுக்குத் தெரிந்த இடமிருந்தால் சொல்லுங்கள். வயது முப்பத்தொன்று, கோரிப்பாளையத்தில் சொந்த வீடு, சிம்மக்கல்லில் வேலை, கெட்ட பழக்கம் கிடையாது, அதிகாலையில் எழுந்துவிடுவார். பவுன் எதுவும் வேண்டாம். ஏலம் என்றால் ஏலக்காய் இல்லை.