தங்கத் தெரியாத பாய்

சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் சித்திக் சராய் என்றொரு கட்டடம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் முஸ்லிம் பயணிகள் தங்குவதற்காக அதைக் கட்டிக்கொடுத்தவர் மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி நவாப் சி. அப்துல் ஹக்கீம் (1863–1938). 1965-லிருந்து ஊரில் நடக்கும் கல்லூரிக்கும் அவர் பெயர்தான். அடுத்தவர் தங்க இடம் கட்டிக்கொடுப்பது மேல்விஷாரத்துக்குக் கைவந்த கலை. அடுத்தவர் இடத்தில் போய்த் தங்குவது வேறு கலை. அதில் ஊர் இன்னும் அரிச்சுவடியைத் தாண்டவில்லை.

நான் சொல்லும் பாய் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஐம்பது வயதைத் தாண்டியவர், சட்டைப் பையில் பேனா, சிறிய அளவில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட். பிள்ளைகள் ஒரு வருஷமாக நச்சரித்ததில் ஏலகிரிக்குப் போய் ஒரு ராத்திரி தங்கச் சம்மதித்திருக்கிறார். “காலைல போய் சாயங்காலம் வந்துடலாமே, ராத்திரி அங்க இன்னா வேலை?” என்ற கேள்விக்கு மட்டும் அவருக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. வியாழன் இரவே வாசலில் டெம்போ டிராவலர் வந்து நிற்கும். ஒரு ராத்திரிக்கான சாமான் ஏறத் தொடங்கும். தலையணை, போர்வை, விரிப்பு எல்லாம் வீட்டுடையது. லாட்ஜ் விரிப்பில் யார் யார் படுத்தார்களோ. தொழுகை விரிப்புகள், சாப்பிட உட்காரும் தஸ்தர்கான் விரிப்பு, தட்டுகள், டம்ளர்கள், குளியலறைக்குத் தனியாக ஒரு சொம்பு, பழைய பிளாஸ்டிக் கேன்கள், பக்கத்து ஆற்காட்டில் வாங்கிய மக்கன் பேடா இரண்டு பெட்டி. கடைசியாக, இரண்டு பேர் பிடித்து ஏற்றும் பிரியாணி தேக்சா. திருநெல்வேலிக்கே அல்வாவா என்பார்கள். இவர் ஆம்பூர் வழியாகப் பிரியாணி கொண்டுபோகிறவர். கேட்டால், “அது கடைப் பிரியாணி, இது வீட்டுப் பிரியாணி” என்பார். சீரகச் சம்பாவும் காய்ந்த மிளகாய் அரைத்த விழுதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே என்று மைத்துனர் முணுமுணுப்பார். ஆம்பூரைக் கடக்கும்போது வண்டியில் யாரும் வெளியே பார்க்கக் கூடாது.

பயணத்தின் மகத்துவத்தையும் அவர் வழியிலேயே விளக்கிவிடுவார். 2019 வரை எல்லாம் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தது. இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஏறி, வேலூர் மாவட்டத்தைக் கடந்து, திருப்பத்தூர் மாவட்டத்தில் இறங்க வேண்டும். “மூணு மாவட்டம் தாண்டிப் போறோம்” என்று வாணியம்பாடி டோல்கேட்டில் அவர் சொல்லும்போது, ஹஜ்ஜுக்கு வழியனுப்ப ஏன் யாரும் வரவில்லை என்ற வருத்தம் குரலில் தெரியும்.

பொன்னேரியில் மலை ஏறத் தொடங்கினால் பதினான்கு கொண்டையூசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். கம்பரிடம் ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும். பாரியிடம் வந்ததும் தயிர்ப்பச்சடி சாயும். பாரி தேரையே கொடுத்தவர், பச்சடியைப் பெரிதுபடுத்த மாட்டார். பாய் பெரிதுபடுத்துவார். முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே சீட்டைத் துடைப்பார்.

லாட்ஜ் வரவேற்பறையில் அவர் முதலில் விசாரிப்பது அறையை அல்ல, சோபாவை. கட்டைவிரலால் ஒரு அழுத்து, நகத்தால் ஒரு கீறல். “ரெக்சின் தம்பி இது. தோலுன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க.” மேனேஜர் அதைத் தோல் என்று எப்போதும் சொன்னதில்லை. ஆனாலும் வாயைத் திறக்க முடியாது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை மதராஸ் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்கு அனுப்பி, ‘ஈ.ஐ.’ (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று பெயர் வாங்கிய பரம்பரை எதிரே நிற்கிறது. மேனேஜரின் செருப்பைப் பற்றியும் பாய்க்கு ஒரு கருத்து உண்டு. அதை மரியாதை கருதிச் சாயங்காலம்தான் சொல்வார்.

அடுத்து கட்டணப் பலகை. தங்குமிடத்தில் கட்டணப் பட்டியலை மாட்டவேண்டும் என்று 1867-ல் போட்ட சராய் சட்டமே சொன்னது. அந்தச் சட்டம் போட்ட நாளிலிருந்து பலகையை இவ்வளவு நிதானமாக ஒருவர் படித்திருக்க மாட்டார். “எக்ஸ்ட்ரா பெட்டுக்குத் தனியா காசா? நாங்கதான் படுக்கையோட வந்திருக்கோமே!”

அறைக்குள் நுழைந்ததும் தொழும் திசையான கிப்லாவைத் தேடும் படலம். மூத்த மகன் செல்போனில் திசைகாட்டியைத் திறப்பான். பாய் அதை நம்பாமல் பால்கனிக்குப் போய்ச் சூரியனைப் பார்ப்பார். சூரியனும் செல்போனும் ஒத்துப்போன பிறகு தெரியவரும், கட்டில்கள் எல்லாம் மேற்கே கால் நீட்டுகிற மாதிரி கிடக்கின்றன. நான்கு ஆண்கள் சேர்ந்து கட்டிலைத் திருப்புவார்கள். இப்போது டிவி தலைமாட்டுக்குப் போய்விடும். கிரிக்கெட் பார்க்கலாம் என்றிருந்த சின்னவன் தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டு, தலைகீழாக விழும் விக்கெட்டுகளைப் பார்ப்பான். இத்தனைக்குப் பிறகும் பாயின் அம்மா கட்டிலில் படுக்க மாட்டார். மெத்தை உள்ளே இழுக்கிறதாம். தரையில் விரிப்பு போடப்படும். வீட்டிலும் அப்படித்தான்.

ராத்திரி எட்டு மணிக்கு தேக்சாவின் மூடியைத் திறப்பார்கள். வாசனை மாடிப்படி இறங்கி வரவேற்பறைக்குப் போகும். மேனேஜர் மேலே வருவார்.

“பாய், வெளியிலேர்ந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோம்.”

“வெளியிலேர்ந்து யாரு தம்பி கொண்டாந்தா? வீட்டுலேர்ந்து கொண்டாந்தோம்.”

“ரூல்ஸ் இருக்குது பாய்...”

“இருக்கட்டும், எங்க போயிடப்போவுது. முதல்ல உக்காருங்க. ஏம்மா, தம்பிக்கு ஒரு தட்டு!”

ரூல்ஸ் போட்டவர் தஸ்தர்கானில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு என்ன தடை? ரூம் பாய் வருவான், வாட்ச்மேன் வருவார், டிரைவரைக் கையோடு இழுத்து வருவார்கள். பக்கத்து அறைக்காரர்கள் பெங்களூருவிலிருந்து வந்த சைவக் குடும்பம். கதவைத் தட்டி அவர்களையும் கூப்பிட்டு, கத்திரிக்காயைத் தனிக் கரண்டியில் எடுத்ததுதானா என்று இரண்டு தடவை விசாரித்துவிட்டு, மக்கன் பேடாவோடு அனுப்பிவைப்பார். அறை வாடகை கொடுத்தவர் அந்தத் தளத்துக்கே வீட்டுக்காரராகிவிட்டார். விருந்தாளியாக உட்கார்ந்திருக்க அவருக்கு உடம்பு வளையாது. சாப்பாட்டை ரூம் பாய் கொண்டுவந்து வைக்க, தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதை ஒரு வகை அவமானமாகவே நினைக்கிறார். சேவைக் கட்டணம் என்ற ஒன்றை அவரிடம் வசூலித்த லாட்ஜ்காரர்களுக்கு லேசாகக் கூச்சமாக இருந்திருக்கும்.

பதினோரு மணிக்கு ஊருக்கு போன் போடுவார். “கேட்டு பூட்டியிருக்கா பாரு. ஆட்டுக்குத் தழை போட்டியா?” பன்னிரண்டுக்கு மறுபடியும். குளிர் காற்று, நிசப்தம், 1,100 மீட்டர் உயரம், எதுவும் உதவாது. தறி ஓடுகிற மாதிரி தையல் மெஷின் சத்தம் கேட்டுத் தூங்கிப் பழகியவருக்கு நிசப்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பஜ்ர் தொழுகைக்கு எழுப்ப அலாரம் வைத்தவர், அலாரத்தை எழுப்பிவிடும் நேரத்துக்கு விழித்துக்கிடப்பார்.

காலையில் பிள்ளைகள் புங்கனூர் ஏரியில் படகு விடப் போக, பாய் குழாயடியில் நிற்பார். ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வாயில் வைத்தவர் முகம் மாறிவிடும். “இனிக்குது!” இந்த ஆச்சரியத்தை மட்டும் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பாலாற்றங்கரை நிலத்தடி நீரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு என்ன செய்தது என்பதை 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாகவே எழுதிவைத்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, குடிக்கக் கேன் வாங்கிப் பழகிய ஜனம். தன் தொழிலுக்கும் அந்த உப்புக்கும் உள்ள உறவு பாய்க்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் அதைப் பற்றிப் பேசாமல் கேனை நிரப்புகிறார். பழைய பிளாஸ்டிக் கேன்கள் எதற்கு வந்தன என்பது அப்போதுதான் மேனேஜருக்குப் புரியும். கேன்கள் நிரம்பியதும் கழுவிய தேக்சாவும் நிரம்பும்.

கிளம்பும் நேரம். பில்லில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லமாட்டார். ரூம் பாய் கையில் ஒரு நோட்டு, வாட்ச்மேன் கையில் மிச்சப் பேடா. கட்டில்களைப் பழையபடி திருப்பிவைக்க மகன்களை அனுப்பியிருப்பார். மேனேஜர் வழக்கம்போலக் கேட்பார், “ரூம் வசதியா இருந்துச்சா பாய்?”

“அத விடுங்க. எங்களால உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?” என்று அவர் தோளில் கை போட்டு வண்டிவரை நடத்திக்கொண்டு வருவார். “மாசி மாசம் பொண்ணு நிக்காஹ். குடும்பத்தோட வரணும். முந்தின நாளே வந்துடுங்க. தங்குறதுக்கு லாட்ஜு கீட்ஜுன்னு எதுவும் பாக்காதீங்க தம்பி, காசு தண்டம். நம்ம வீடு இருக்குது.”