இருமலையும் ரசிப்பவர்

லண்டனில் பழைய இசைத்தட்டு விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும், பின்பக்கம் மண்டியிட்டு அட்டைப்பெட்டிகளைத் துழாவிக்கொண்டு ஒருவர் இருப்பார். அறுபதைத் தாண்டியவர். சட்டைப் பையில் சின்ன டார்ச். மேற்கத்திய செவ்வியல் இசையில் 1960க்குப் பிறகு உருப்படியாக எதுவும் பதிவாகவில்லை என்பது அவர் கட்சி. ரொம்ப மன்றாடினால் 1974 வரை இறங்கி வருவார். அதுவும் கார்லோஸ் கிளைபர் நடத்திய பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனிக்காக மட்டும்.

புதுப் பதிவு ஒன்றை அவரிடம் நீட்டிப் பாருங்கள். பொறுமையாகக் கேட்பார். கடைசியில், "சுத்தமாக வாசித்திருக்கிறார்கள், பாவம்" என்பார். இதைவிடக் கடுமையாக அவருக்குத் திட்டத் தெரியாது.

அவர் வீட்டுக்குப் போய்விட்டால் தப்பிக்க வழியில்லை. புரூனோ வால்டர் 1938 ஜனவரி 16 அன்று வியன்னா பில்ஹார்மோனிக்கை வைத்து நடத்திய மாலரின் ஒன்பதாம் சிம்பொனி சுழலத் தொடங்கும். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்க இரண்டே மாதம் இருந்தது; அன்று முதல் வயலின்காரர் அர்னால்ட் ரோஸே, மாலரின் தங்கை கணவர். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு விரலை உயர்த்துவார். சபையில் யாரோ இருமுவது கேட்கும். "அடடா! இந்த மாதிரி இருமல் இப்போது எங்கே சார் கிடைக்கிறது?"

கிங்ஸ்வே ஹால் பதிவென்றால் பரவசம் இன்னும் ஒரு படி மேலே. அந்த அரங்கின் அடியில் பிக்கடில்லி பாதாள ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிசான இடங்களில் அதன் உறுமல் பதிவிலும் ஏறிவிட்டது. இவர் ஒலியைக் கூட்டி, ஸ்பீக்கர் ஓரமாகக் காதை வைத்து, தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்காகப் பிளாட்பாரத்தில் நிற்கும் மாமனார் போல "வந்துட்டுது, வந்துட்டுது" என்று தவிப்பார். வயலின்கள் என்ன பாடுபட்டன என்பது அவர் காதில் விழுந்திருக்காது.

ஆனால் முழுக்கக் கேலி செய்துவிடவும் முடியவில்லை. மாலரின் நண்பர் மெங்கல்பர்க் 1926இல் ஆம்ஸ்டர்டாமில் தன் குழுவோடு பதிவுசெய்த, மாலர் ஐந்தாம் சிம்பொனியின் 'அடாஜியெட்டோ' ஏழு நிமிடத்தில் முடிகிறது. அதே குழுவைப் பிற்காலத்தில் ஆண்ட ஹைடிங்க், 1988இல் பெர்லின் குழுவோடு எடுத்துக்கொண்டது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழையதில் வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் கூச்சமில்லாமல் வழுக்கிப் போகின்றன. அது காதல் கடிதம் போலவே கேட்கிறது. புதியது துக்கம் விசாரிக்க வந்ததுபோல உட்கார்ந்துவிடுகிறது. இந்த ஒரு வழக்கில் தீர்ப்பு பெரியவர் பக்கம்தான்.

அவரைத் தடுமாற வைத்தது பூர்ட்வெங்ளர் விவகாரம். போருக்குப் பின் பைராய்ட் விழா மறுபடி தொடங்கிய 1951 ஜூலை 29 அன்று பூர்ட்வெங்ளர் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி, காலங்காலமாக எல்லோரும் கண்ணீர்விட்ட தட்டு. பிறகு பவேரிய வானொலி நாடா ஒன்று வெளிவந்தது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. பழைய தட்டில் ஒத்திகைத் துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. "இப்போதுள்ளவர்கள் வெட்டி ஒட்டுகிறார்கள் என்றுதானே திட்டுவீர்கள்?" என்று கேட்டேன். "அந்தக் காலத்து ஒட்டு வேறப்பா" என்றார்.

அவருடைய ஜன்ம விரோதி ராஜர் நாரிங்டன். 1980களில் அந்த மனிதர் பீத்தோவன் காலத்து வாத்தியங்களைத் தேடிப் பிடித்து, பீத்தோவனே குறித்துவைத்த மெட்ரோனோம் வேகத்திலேயே சிம்பொனிகளை ஓடவிட்டார். பழசுக்கும் பழசாக ஒருவர் வந்து நின்றால் இவர் எங்கே போவார்?

"பீத்தோவனே சொன்ன வேகம்தானே, ஏன் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?"

"அவருக்குத்தான் காது கேட்காதே!" என்று சொல்லிவிட்டு ஊசியைத் துடைக்கப் போய்விட்டார்.