கத்துவதற்கு ஒரு காவல்காரன்

மலிவாக, சத்தமாக பைக்குக்கு ஒரு அலாரம் தேடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். "நூத்தி இருபத்தஞ்சு டெசிபல் சார், ஊரே எழுந்திரிக்கும்" என்றார் கடைக்காரர். பெட்டியில் எண் அச்சடித்தவருக்குத் தாராள மனசு. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. பெட்டி சொல்வது நிஜமென்றால் நான் வாங்கியது பத்துக் கோடி மடங்கு. அதையும் பேரம் பேசி 700 ரூபாய்க்கு.

முதல் ராத்திரி தண்ணி லாரி போனதற்குக் கத்தியது. மறுநாள் சீட்டில் படுக்க வந்த பூனைக்கு. அதிர்வு சென்சாரில் ஒரு பொடித் திருகு இருக்கிறது. திருப்பினால் ரோஷம் குறையுமாம். கால் சுற்று திருப்பினேன். ஸ்டாண்டை எடுத்து வண்டியை வாசல்வரை உருட்டியும் மூச்சு விடவில்லை. பழையபடி திருப்பினேன். எதிர்வீட்டில் கதவைச் சாத்தினார்கள், அலறியது.

முதல் வாரம் ஜன்னல்கள் திறந்தன. இப்போது அலறினால் மூடுகின்றன. விடிய விடியக் கத்தி பேட்டரியும் இறங்கிவிட்டது. செல்ஃப் போட்டால் 'டிக்' என்கிறது. புது மாடல், கிக்கரும் கிடையாது. இனி திருடனே வந்தாலும் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

நேற்று கீழ்வீட்டு மாமா படியில் மறித்தார். "தம்பி, வண்டி என்ன விலை வந்துச்சு?"

சொன்னேன்.

"நாங்க நாலு வீடும் சேர்ந்து தந்துடுறோம். சாவிய மட்டும் அதுலயே விட்டு வைங்க."