பதினெட்டரை நிமிஷம்

தம் காரியாலய சம்பாஷணைகளைத் தாமே ரகசியமாக ஒலிப்பதிவு செய்துவைக்குமளவுக்கு அமெரிக்க ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸனுக்குச் சத்தியத்தின்பால் அபிமானம் இருந்தது. எதிர்க்கட்சிக் காரியாலயத்தில் நடந்த வாட்டர்கேட் திருட்டுக்கு மூன்று நாள் கழித்து, 1972 ஜூன் 20-இல், அவர் பேசிய நாடாவில் மாத்திரம் 18½ நிமிஷம் வெறும் ரீங்காரம் கேட்கவே, அவருடைய காரியதரிசி அம்மையார், பின்புறமிருந்த தொலைபேசிக்குக் கையை நீட்டியபோது கால் ஒலிப்பதிவுக் கருவியின் மிதிகட்டையிலேயே தங்கிவிட்டதால் சுமார் 5 நிமிஷம் அழிந்திருக்கலாமென்று சாட்சியம் சொல்லி, அந்த ஆசனத்தைப் புகைப்படக்காரர்கள் முன் செய்தும் காட்டினார். யோகிகளுக்கே சிரமமான நிலை! மிச்சம் 13½ நிமிஷத்துக்கு யாருடைய கால் ஜவாப்தாரி என்பது இன்றளவும் தெரியவில்லை. 1974 ஆகஸ்டில் நிக்ஸன் ராஜிநாமாச் செய்ய, பின்வந்த ஃபோர்டு, மறுமாதமே, அவர் பதவியிலிருந்தபோது செய்த குற்றங்களோடு செய்திருக்கக்கூடிய குற்றங்களையும் சேர்த்து மன்னித்தருளினார். அந்த மிதிகட்டையும் அதில் அடக்கம் போலும்.