பொத்தானுக்குப் பஞ்சமில்லை

நெப்போலியனின் இலகு காலாட்படைக்காரனுக்கு வேலை, பதுங்குவது. அணியை விட்டுப் பிரிந்து முன்னால் போய், மரமோ வேலியோ பள்ளமோ எது கிடைத்தாலும் அதன் பின்னே ஒளிந்து சுட வேண்டும். அவனை எப்படி உடுத்தி அனுப்பினார்கள்? தலையில் உயரமான ஷாகோ தொப்பி, அதன் உச்சியில் வண்ண வண்ணமாக மயிலே வெட்கப்படும் இறகு. கராபினியர் கம்பெனிக்காரன் என்றால் தோளில் சிவப்புக் குஞ்சம். வோல்டிஜியர் கம்பெனிக்காரன் என்றால் கழுத்துப்பட்டி மஞ்சள். நன்றாக ஒளிந்துகொள்ளப்பா, ஆனால் ஒளிந்திருப்பவன் எந்தக் கம்பெனி என்று எதிரிக்குத் தெரிந்தாக வேண்டும்!

சாதாரணக் காலாட்படைக்குப் பித்தளைப் பொத்தான், இவனுக்கு வெள்ளை உலோகம். அவர்களுக்குக் கால்சட்டை வெள்ளை, இவனுக்கு நீலம். கோட்டின் மார்மடிப்பு அவர்களுக்குச் சதுரமாக முடியும், இவனுக்குக் கூராக. கணுக்காலை மூடும் கறுப்புத் துணி உறையைக்கூட ஹுஸ்ஸார் குதிரைவீரனின் பூட்ஸ் மாதிரி வெட்டி, முன்பக்கம் குஞ்சம் தொங்கவிட்டார்கள். நடந்தே சாகப்போகிறவனுக்குக் குதிரைக்காரன் வேஷம்.

வேஷத்தோடு விட்டார்களா? 1804இல் வோல்டிஜியர் கம்பெனிகளை உருவாக்கியபோது, சுமார் 1.60 மீட்டருக்கு மேற்படாத குள்ளர்களாகப் பொறுக்கினார்கள். அவர்கள் குதிரைவீரனின் பின்னால் தாவி ஏறிப் போர்முனைக்குப் போவார்களாம். இந்த மகத்தான யோசனை சீக்கிரமே காணாமல் போயிற்று. குதிரைகளுக்காவது புத்தி இருந்திருக்கிறது. மஞ்சள் கழுத்துப்பட்டி மட்டும் கடைசிவரை நிலைத்தது.

1812 ஜனவரியில் மேஜர் பார்டின் தொகுத்த புதிய சீருடை விதிமுறை வந்தது. கோட்டின் வால் எத்தனை குட்டை, மார்மடிப்பு இடுப்புவரை எப்படி மூட வேண்டும், எல்லாம் உண்டு. கார்ல் வெர்னே என்ற ஓவியர் அழகழகாகப் படம் வரைந்தார். ஜூன் மாதம் லட்சக்கணக்கானோர் நியெமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் நடந்தார்கள், பெரும்பாலோர் பழைய கோட்டோடு. புதுக்கோட்டு படத்தில் பத்திரமாக இருந்தது. திரும்பி வரும்போது காலில் காலணியும் இல்லை, கந்தல் சுற்றியிருந்தார்கள். தையல் மடிப்புகளில் பேன் குடியேறியிருந்தது. அதற்கு எந்த விதிமுறையும் தேவைப்படவில்லை.

2001இல் லித்துவேனியாவின் வில்னியுஸில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது அந்தப் படையினரின் எலும்புகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பற்களைச் சோதித்தபோது பேன் பரப்பும் காய்ச்சல்களின் தடயம் தெரிந்தது. யார் யார் என்று கேட்டால் பொத்தான்தான் பதில் சொன்னது: அதில் ரெஜிமென்ட்டின் எண் இருக்கிறது. செத்தவன் பெயரைப் பொறிக்க எந்த மேஜருக்கும் தோன்றவில்லை.

1812 டிசம்பரிலேயே படையை நடுவழியில் விட்டுவிட்டுப் பாரீசுக்கு ஓடினார் பேரரசர் நெப்போலியன். அவருடைய 29ஆம் போர் அறிக்கை நாசத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, மாட்சிமை தங்கியவரின் உடல்நலம் இதைவிட நன்றாக இருந்ததே இல்லை என்று முடிந்தது. இருக்காதா பின்னே? வண்டிக்குள் அவர் போர்த்தியிருந்தது பார்டின் விதித்த கோட்டு அல்ல, மென்மயிர் அடர்ந்த தோல் அங்கி.